அனுப்புநர்: பட்டேவியா

வாத்துகள் இன்னும் வட்டமாகத்தான் இறங்குகின்றன.
வளையத்தை ஒட்டிய குளத்தில் முன்பெல்லாம்
ஜனவரியிலும் ஆவி பறக்கும்;
காந்தங்கள் கக்கிய சூட்டில்
பனிக்கட்டி பிடிக்காது.
இப்போது பிடிக்கிறது.

கடைசிக் கற்றையை அணைத்த செப்டம்பர் மதியம்
கட்டுப்பாட்டு அறையில் சுவரோரம் நின்றேன்,
வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே மாதம்.
பச்சைக் கோடு ஒன்று சரிந்து தரை தொட்டது.
யாரோ கைதட்டி
பாதியில் விட்டார்கள்.
கேக் வெட்டினார்கள். அதுவும் வளையமாக.

அதுவரை உலகம் இங்கே வரும்.
ஒசாகாவிலிருந்தும் பாதுவாவிலிருந்தும்
பெட்டியோடு இறங்கி,
இல்லினாய் சோளக்காட்டு நடுவில் பனிக்காலணி வாங்கி,
எங்கள் மோதலுக்காகக் கண்விழிப்பார்கள்.
அதைவிடப் பெரிய வளையம் ஜெனீவாவில் ஓடத் தொடங்கியது.
நாங்கள் பெட்டி கட்டினோம்.

கட்ட முடியாதவர்களுக்குத்
தரைத்தளத்தில் ஒரு கண்ணாடி அறை.
எங்களுக்கு ஏழு மணி நேரம் முன்பே
விடிந்துவிட்ட நாளைத் திரையில் ஓடவிட்டுக்
காவல் இருந்தோம்.
"சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம்"
என்றார் க்ளைவ் ஹால்வர்சன்.
இருபத்தாறு ஆண்டு கற்றை ஓட்டியவர்.
அந்த வருடமே ஓய்வு வாங்கிக்கொண்டார்.
எனக்குக் கடன் இருந்தது, இருந்தேன்.

பழைய காந்தங்களில் ஒன்று
நுழைவாயில் அருகே சிவப்புச் சாயத்தோடு கிடக்கிறது.
கோடையில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி உட்கார்கிறார்கள்.

புதியவை இங்கே ஓடுவதற்கு அல்ல.
நயோபியமும் தகரமும்:
சுற்றும்வரை கம்பி,
சூளையிலிருந்து எடுத்தபின் கண்ணாடி,
முறைத்துப் பார்த்தாலே விரிசல் விடும்.
டெல்ஃபினா ஓர்தேகா சுற்றுகிறாள்.
இருட்டோடு அரோராவிலிருந்து வந்து,
மோதிரம் கழற்றி, நகத்தை ஒட்ட வெட்டிய கையோடு.
ஒரு சுற்று பிசகினால்
நாலு மீட்டர் சுருளும் குப்பை.
துகளைப் பற்றிக் கேட்டால்
"அது மேல்மாடிக்காரர்கள் சமாச்சாரம்,
எனக்கு இழுவிசை தெரியும்" என்பாள்.

குளிர்வித்து மின்சாரம் ஏற்றினால்
முதலில் மிரளும்.
மீகடத்தல் அறுந்து ஹீலியம் சீறும்.
மறுநாள் ஏற்றினால்
நேற்றைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும்.
இதற்குப் பயிற்சி என்று பெயர்.
ஒன்பது முறை மிரண்டு பத்தாவதில் அடங்கியதை
நான் பெட்டியிலிட்டு, முத்திரை வைத்து,
'அனுப்புநர்' என்ற இடத்தில் எங்கள் ஊரை எழுதினேன்.

பெண்ணை அனுப்புவது போல என்று
ஒரு வரி மனசில் வந்தது.
அடித்துவிட்டேன்.
பெண்ணை அனுப்பும்போது யாரும்
அதிர்ச்சிமானி கட்டி அனுப்புவதில்லை.

டோலிடோ தாண்டி, இரவு இரண்டு பதினேழு:
மூன்று ஜி, செங்குத்தாக.
"பாலத்தின் விளிம்பு" என்றார் லாரி ஓட்டுநர்.
மற்றபடி தட்டையான வரைபடத்தில்
அந்த ஒரு கோடு மட்டும் ஒற்றைப் பனையாய் நின்றது.
அதைப் பார்த்துக்கொண்டே மூன்று வாரம் கடல்.

முன்பு கண்டுபிடிப்பு என்றால்
எங்கள் பெயரில்தான் செய்தி வரும்.
இப்போது, வேறு நாட்டு மண்ணுக்குக் கீழே,
யார் கண்ணும் படாத குழாயின் உள்வயிற்றில்
ஒரு வரிசை எண்.
அது குறைவா என்று கேட்டால்
சில நாள் ஆமாம்.
சில நாள், அந்த எண் இல்லாமல்
அங்கே ஒரு கற்றையும் குவியாது என்று
பார்க்கிங்கில் காரை அணைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று ஜெனீவாவிலிருந்து ஓத்மார் எழுதினார்:
வந்து சேர்ந்தது. முத்திரை முழுசு.
ஒரு சுருளில் மின்தடை சற்றே மாறியிருக்கிறது.
ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.
குளிர்வித்துப் பார்க்க ஆறு வாரம்.

அச்செடுக்காமல் இறங்கிப் போனேன்.
டெல்ஃபினா அடுத்ததில் இருந்தாள்.
சொன்னேன். நிமிரவில்லை.
"எந்தச் சுருள்?"
"மூன்று."
கை நின்றது,
அரைச் சுற்று ஓடும் நேரம்.
பிறகு மிதியை அழுத்தினாள்.